அவிழ்த்துவிட்ட அலை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மகன் அனுப்பிய வயர் இல்லாத ஹெட்போனைக் கண்டதுமே என் மனைவி கோமதி பதறினாள்.

“மாட்டாதீய! அலை மண்டைக்குள்ள போயிருமாம்லா.”

“வயர் வச்சதுல போகாதாக்கும்?”

“அது கட்டிப்போட்ட அலை. இது அவுத்துவிட்டதுல்லா!”

மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் மாட்டிக்கொண்டேன். பாட்டு வரவில்லை, அலைதான் வந்தது. வலது காதில் நுழைந்து இடது காதில் வழிந்தது. தலையணை உப்புக் கரித்தது. ஒரு நண்டு என் புருவத்தைத் தாண்டிப் போனது. கட்டிலோடு மிதந்து நான் வாசலைக் கடந்தபோது கோமதி ஓடிவந்து என் வேட்டி நுனியைப் பிடித்தாள்.

“என்னைய விட்டுட்டு எங்க போறீய?”

இழுத்துப் பார்த்தாள். கட்டில் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஏறினாள்.

“தள்ளிப் படுங்க.”

அந்த ஹெட்போன் டப்பாவை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.