மதிய வெயில்

"வைட்டமின் டி ரொம்பக் குறைவு. தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லும்மா" என்றார் பல்கலைக்கழக மருத்துவர்.

அதை அம்மாவிடம் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. மதியமானால் போன் வந்துவிடும்.

"வெயில்ல நிக்கிறியாம்மா?"

"நிக்கிறேம்மா. மண்டை காயுது."

விடுதி அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, போர்வைக்குள் படுத்தபடிதான் மகள் இதைச் சொல்வாள். கறுத்துவிடுவோமென்று அவளுக்குப் பயம்.

"மரமெல்லாம் பூத்திருக்கா?"

"மஞ்சமஞ்சேன்னு கொட்டிக் கிடக்கு. ஒரு பூனை மல்லாந்து வெயில் காயுது" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுவாள். அம்மா சிரிப்பாள்.

"நீ என்னம்மா பண்றே?" என்று மகள் கேட்பாள்.

"மாடியில துணி காயப்போடறேன்."

கடைசித் தேர்வு முடிந்ததும் விடுதி வாசலில் அப்பா நின்றிருந்தார். முகம் மழிக்காமல் வாடியிருந்தது.

"உங்கம்மா மூணு மாசமா ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையா இருக்காம்மா. பரீட்சை முடியற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டா."

"தினமும் பேசினாங்களேப்பா!"

"அந்த வார்டுல ஜன்னலே இல்ல. நீ சொல்ற வெயிலைக் கேக்கத்தான் காலையிலேர்ந்து காத்துக் கிடப்பா." அப்பா அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இனிமே தாங்கமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். கிளம்பும்மா. இன்னிக்கு நேர்லயே வந்து சொல்லு."

வெயிலே படாமல் வெளுத்திருந்த கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.