பிடித்து வைத்த பிள்ளை

வாதம் வந்து வலது கை விழுந்த பிறகு வடிவாம்பாளால் மஞ்சள் பிள்ளையார் பிடிக்க முடியவில்லை. புது வீட்டுப் பூஜைக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த ஸ்டெல்லாவிடம் மூன்று மாதமாக அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்று மஞ்சள் கிண்ணத்தை இடது கையால் மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

“நான் தொடலாமா அத்தை?”

“பார்வதி தன் மேல் மஞ்சளை வழிச்சு உருட்டுன பிள்ளைதானே இது. அவ யாரைக் கேட்டா?”

ஸ்டெல்லா மஞ்சளைப் பிசைந்து பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெற்றிலையில் வைத்தாள். அவள் விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. பிள்ளையார் லேசாகச் சாய்ந்தார்.

“கோணலா இருக்காரே. மறுபடி பிடிக்கட்டுமா?”

வடிவாம்பாள் ஓர் அருகம்புல்லை எடுத்து அவர் தலையில் செருகினாள்.

“இருக்கட்டும்மா. உன் பக்கமாத்தானே சாஞ்சிருக்கார்.”