காற்று போக இரண்டு துளை

சித்ரா குளித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

அவளுடைய ரிமோட் என் கையில் இருக்கிறது. ஒன்பதரைக்கு ரேஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் ரோட்டு மைதானத்துக்கு அரை மணி நேரம் போதும்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் கைப்பையை நான் திறந்ததில்லை. ரிமோட்டும் அப்படித்தான். வண்டியைக் கட்டுவது நான், ரிமோட் அவள் பாடு.

எனக்குப் பொறாமை. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரி ரேஸ் பக்கி இருந்தது. ஒரு முழ நீள ரிமோட் கார். இரண்டையும் திருகு திருகாகக் கட்டியவன் நான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இந்த வருடம் மூன்று ரேஸ். மூன்றிலும் நான் முதல், அவள் இரண்டாவது. கோப்பைகள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் கூட்டம் பார்ப்பது அவள் வண்டியைத்தான். தில்லை நகர் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிறவள். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாளாம். அதே விரல்தான் ரிமோட்டிலும்.

க்ளப்பில் நேரம் குறிப்பவர் ஜெகபர் சாதிக். மூன்றாவது கோப்பையை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நீங்க கட்டினதுதான் சார். ஆனா கைன்னு ஒண்ணு இருக்குல்ல. சனிக்கிழமை காலையில ஒருநாள் வந்து மேடம் ஓட்டுறதப் பாருங்க."

சனிக்கிழமை எனக்கு வேலை. வயிறு எரிந்தது.

அதனால்தான் டிரக் யோசனை. அவள் பக்கியை ஷார்ட் கோர்ஸ் டிரக்காக மாற்றிவிடலாம் என்றேன். சக்கரம் உடையாது, முட்டினால் தாங்கும் என்று கதை அளந்தேன். உண்மை என்னவென்றால் டிரக் தனிப் பிரிவு. கனம் அதிகம், வேகம் குறைவு.

நான் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள். பாவம், விவரம் தெரியாதவள் என்று நினைத்தேன்.

பத்து நாள் வேலை. சேசிஸை நீட்டினேன். சக்கரத்தைத் தாங்க நீளமான ஆர்ம், அகலச் சக்கரம், முன்னும் பின்னும் பம்பர். மேலே பிக்கப் வண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பாடி. அதற்கு உள்பக்கமாக மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.

ஒரே ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டேன். மூடின பாடிக்குள் காற்று புகுந்துவிட்டால், தாவும்போது வண்டியைக் குடை மாதிரி தூக்கிவிடும். அதற்குத்தான் பின்பக்கம் காற்று போக இரண்டு துளை வெட்டுவார்கள். நான் வெட்டவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். மேட்டில் தாவியதும் டிரக் மூக்கைத் தூக்கியது. அவள் விசையை லேசாக விட்டுப் பிடித்தாள். பூனை மாதிரி இறங்கியது. என் பக்கியின் சிறந்த நேரத்தைவிட ஒரு விநாடிதான் கூட.

எல்லாப் பிரிவு நேரத்தையும் சாதிக் ஒரே போர்டில்தான் எழுதுவார். லாரி பக்கியை முந்திவிட்டது என்று அதில் ஏறிவிட்டால் அந்த மைதானத்தில் நான் தலை காட்ட முடியாது.

ஆகவே ரிமோட். அதில் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். எண்பது என்று வைத்தால், விசையை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் எண்பது சதவீதத்தைத் தாண்டாது. வண்டிதான் கனம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆன் செய்தேன். சின்னத் திரையில் இரண்டு செட்டிங். முதலாவதன் பெயர் பக்கி. அடுத்தது, ஆங்கில எழுத்தில், சிவா.

சிவராமனாகிய என்னைச் சிவா என்று கல்யாணமான புதிதில் அவள் கூப்பிட்டதுண்டு. ஒரு நொடி மனசு குழைந்துவிட்டது. இத்தனை ஆசையா என்மேல்?

பக்கியைத் திறந்தேன். வேக வரம்பு நூறு.

சிவாவைத் திறந்தேன். எண்பது.

கடைசியாக ஓட்டிய செட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அது சிவாவின் பக்கத்தில் இருந்தது. நேற்று நான் கூடவே நின்றேன் அல்லவா.

டிவி பக்கம் பார்த்தேன். மூன்று கோப்பை. மூன்று தடவையும் எனக்கு அரை அடி பின்னால்தான் வந்தாள். எண்பதில்.

பொறாமை போய்விட்டது என்றால் பொய். இப்போதுதான் அதற்குச் சரியான காரணம் கிடைத்திருக்கிறது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் செய்ய வந்த வேலையை அவள் எப்போதோ செய்து முடித்திருந்தாள்.

தலையில் துண்டோடு வந்தவள் டிரக்கைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி காத்து ஓட்டை இன்னும் வெட்டலையே நீங்க. நேத்தே பார்த்தேன்."

மறந்துவிட்டேன் என்றேன். வளைந்த கத்தரியைத் தேடி எடுத்து, பாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு நாம வேற வேற கிளாஸ்தானே?" என்று கேட்டுக்கொண்டே ரிமோட்டை எடுத்தாள்.

அன்றைக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சரி என்றது ஞாபகம் வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

திரையில் ஒரு வரி மேலே நகர்த்தினாள். ரிமோட் ஒரு முறை பீப் என்றது.

இரண்டாவது துளையைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன்.