மூடாத பானட்

அவன் கார்புரேட்டருக்குள் ஊதினான்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் துளைக்குள் பார்த்தான். திருப்தியில்லை. மறுபடியும் ஊதினான்.

அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன் முகத்தை அவன் இத்தனை நேரம் பார்த்ததில்லை. பொறாமையெல்லாம் இல்லை. அந்தக் கார்புரேட்டர் மேல் கொஞ்சம் பரிதாபம்தான் வந்தது.

கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்ட மனைவியை அழைத்துப் போக வருகிறவன் பூ வாங்கி வரலாம். அல்வா வாங்கி வரலாம். ஒன்றுமில்லாவிட்டால் முகத்தையாவது சற்றே தொங்கப் போட்டுக்கொண்டு வரலாம்.

இவன் ஓர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான்.

உள்ளே இரட்டைக் குழல் கார்புரேட்டர். அதன் தலைமேல் உட்காரப் பளபளவென்று ஓர் ஏர் ஃபில்டர், குரோம் தொப்பியோடு. இரண்டும் மாமனாரின் பழைய ஃபியட் காருக்கு.

பெட்டியைப் பிரித்ததும் அப்பா அதில் சொக்கி விழுந்துவிட்டார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். துண்டைத் தலையில் கட்டினார். ஸ்பானரை எடுத்து நீட்டும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார்.

நேற்று வரை அவர் வேறு ஆள்.

"அவன் வரட்டும் அம்மிணி. நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுப்போடறேன்."

கேட்கத்தான் செய்தார். ஜெட் என்ன சைஸ் என்று கேட்டார். மைலேஜ் அடி வாங்குமா என்று கேட்டார். குளிரில் ஸ்டார்ட் ஆகுமா, மலை ஏற்றத்தில் இழுக்குமா என்றும் கேட்டார்.

நாலு கேள்வி. சொன்ன வாக்கில் குறை வைக்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தைக்காக அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். என் மகள் வர மாட்டாள். அதை மட்டும் அவர் சொல்லிவிட்டால் போதும்.

கீழே அவன் பழைய ஃபில்டரைக் கழற்றினான். கறுப்புத் தகர டப்பா. தரையில் தட்டினான். அழுக்குக் கொட்டியது. எழுந்து நின்று பிரசங்கம் பண்ணினான்.

"பாருங்க மாமா, இத்தன வருஷமா வண்டிக்கு மூச்சு முட்டிக் கெடந்துருக்குதுங்க. காத்து தாராளமா உள்ள போனாத்தானுங்களே இஞ்சின் நிம்மதியா ஓடும்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் அவளை வேலையை விடச் சொன்னான். விட்டாள். யார் யார் பேசினார்கள் என்று பார்க்கத் தினமும் ஃபோனைக் கேட்டான். கொடுத்தாள். துணி காயப் போடப் போனால்கூட ஏன் இவ்வளவு நேரம் என்றான். கடைசியில் ஒரு நாள் வாய் விட்டுச் சொன்னாள், இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று.

அவன் எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

ஃபியட்டின் வேதனை மட்டும் புரிகிறது, மகாத்மாவுக்கு.

புது கார்புரேட்டர் உட்கார்ந்தது. அதற்கடியில் ஓர் அலுமினியத் தட்டு. மேலே குரோம் தொப்பி. சாவியைத் திருப்பினார்கள். வண்டி இருமியது, செருமியது, பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கியது. அப்பா கை தட்டினார். கோயில் யானை ஆசீர்வாதம் பண்ணிவிட்டதைப் போல முகம்.

பானட்டை இறக்கினார்கள்.

டொக்.

மூடவில்லை.

அவன் அமுக்கினான். அப்பா அமுக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். குரோம் தொப்பி முட்டிக்கொண்டு நின்றது. வண்டி வாயைப் பிளந்தபடி இருந்தது.

எல்லாவற்றையும் அளந்திருக்கிறான். மூடுவதற்கு இடம் இருக்குமா என்பதைத் தவிர.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது வெடிக்கப் போகிறது. சின்னச் சித்தப்பா ஒரு தடவை அந்தப் பானட் மேல் தூக்குப் பாத்திரத்தை வைத்துக் கீறிவிட்டதற்காக, கூடப் பிறந்தவரோடு பேச்சையே நிறுத்தியவர் அப்பா. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டச் சொல்லப் போகிறார்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்தார். பானட்டை ஒருமுறை தடவினார்.

"அதுக்கென்னங்க மாப்ள, மேல ஒரு ஓட்டை போட்டுக்கலாமுங்க. நம்முளுதுதானே."

அவள் சிரிப்பு நின்றது.

எதிர்ப் பட்டறையிலிருந்து அவரே போய் கட்டரை வாங்கி வந்தார். அவரே சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். அவன் வெட்டினான். தெரு முழுக்கத் தகரம் அலறியது. பொறி பறந்தது. அப்பா ஆடாமல் அசையாமல் இரு கையாலும் பானட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளைக்குக் கை நடுங்கிவிடக் கூடாதென்று.

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

தன் துணிப்பெட்டியோடு படியிறங்கி வந்தபோது சத்தம் ஓய்ந்திருந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி நிம்மதி. அவன் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து விட்டான். பேச வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

அவள் கதவைத் தாண்டி நடந்தாள்.

"இரு அம்மிணி, இப்ப முடிஞ்சிரும். கார்லயே போயிருவீங்க," என்றார் அப்பா. வெட்டி எடுத்த தகர வட்டம் அவர் கையில் இருந்தது.

கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். கேட்டை இழுத்து மூடி, கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள்.