காணாமல் போன ஆயிரம் செங்கல்

“ஐயாயிரம் செங்கல் வாங்கியிருக்கே. சுவர்ல நாலாயிரம்தான் இருக்கு. மீதி ஆயிரம் எங்கய்யா போச்சு?”

உதவி நிறுவனத்து அதிகாரி டேப்பைச் சுருட்டியபடி கேட்டார். கிணறு வெட்டும் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“உடைஞ்சு போச்சு சார்.”

“ஆயிரமுமா?”

“வண்டி ரொம்பக் குலுங்கிடுச்சு.”

“சரி, உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?”

“மழையில கரைஞ்சுடுச்சு.”

“சுட்ட செங்கல் மழையில கரையுமாய்யா?”

“அதான் சார், எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு.”

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. பாறையிலேயே கிணறு வெட்டுகிற மனுஷன்தான். பொய் சொல்ல மட்டும் வராது.

விஷயம் இதுதான். வீடில்லாத குடும்பங்களுக்கு அந்த நிறுவனம் நேராகப் பணத்தையே கொடுத்துவிடும். சிமெண்டும் கொடுக்காது, மேஸ்திரியும் அனுப்பாது. ‘உங்க வீடு, உங்க புத்தி, நீங்களே கட்டிக்குங்க’ என்பதுதான் பேச்சு. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. அண்ணனுக்கு இரண்டு தவணை வந்து, சுவரும் எழும்பிவிட்டது. கூரைப் பணம் வரவேண்டிய நேரத்தில், செங்கலை விற்றுவிட்டார் என்று ஒரு புகார் மனு போய்ச் சேர்ந்தது.

மனு போட்டது வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுச் சொந்தத் தம்பி.

இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இரவல் கொடுத்த ஏணி ஒரு படி குறைந்து திரும்பி வந்ததில் ஆரம்பித்த சண்டை. தம்பிக்கு ஊரில் ‘ரோஷம்’ என்றே பெயர். நிறுவனத்திலிருந்து பட்டியல் எடுக்க வந்தவர்களிடம், இடிந்து விழப்போகும் மண் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “எனக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய ஆள் அவர்.

“இதோ பாருய்யா. ஆயிரம் செங்கலுக்குப் பதில் வரலேன்னா, கூரைப் பணத்தை நிறுத்தச் சொல்லித்தான் நான் எழுதணும்” என்றார் அதிகாரி.

அண்ணன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே குடித்தனம் நடத்துகிறாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

“சொல்லித் தொலைங்களேன்!”

“நீ சும்மா இரு.”

“மழை வந்தா உங்க பிடிவாதத்தைப் போர்த்திக்கிட்டா படுக்கறது?”

“சும்மா இருன்னு சொன்னேன்ல!”

கூட்டத்தில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அதிகாரி திரும்பியதும் ஆளுக்கொரு திசையில் மேகத்தை ஆராய்ச்சி செய்தார்கள். ஊரே கூட்டுக் களவாணி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

“கடைசியாக் கேக்கறேன். வித்துட்டியா?”

அண்ணன் மொட்டையாக நின்ற தன் வீட்டை ஒருமுறை பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

“ஆமா சார். வித்துத் தின்னுட்டேன்னே எழுதிக்குங்க.”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டீங்களா சார்! அவர் வாயாலேயே வந்துடுச்சா?” கூட்டத்தில் நின்றிருந்த தம்பி துள்ளிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் ஓடினார். “ஓசிப் பணம் வந்தா ஒழுக்கம் போயிடும் சார். என்னைப் பாருங்க. எவன்கிட்டயும் கை நீட்டல. இதோ, என் வீட்டுச் சுவரு. புள்ளைங்க படுக்கற பக்கம். போன மழையில சாய்ஞ்சு, இப்ப விழறேன் அப்ப விழறேன்னு பயம் காட்டிச்சு. குடும்பத்தோட அறுப்பு வேலைக்கு வெளியூர் போயிட்டு மூணு மாசம் கழிச்சு வந்து பார்த்தா, தானா நிமிர்ந்து நிக்குது!”

“தானாவா?” என்றார் அதிகாரி.

“வெயில் பட்டு நிமிர்ந்துடுச்சு சார். மண்ணு அப்படி! இந்த மண்ணுக்கே ரோஷம் இருக்கு. இந்தச் சுவருல ஒருத்தன் காசு ஒட்டியிருக்கான்னு தட்டிப் பாருங்க!”

அதிகாரி தட்டுவதற்கு முன்னால் அவரே தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. மூன்றாவது, ஓங்கி ஓர் அறை.

பொத்தென்று ஒரு முறம் அகலத்துக்கு மண்பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது.

உள்ளே செக்கச் செவேலென்று புதுச் செங்கல்.

அதிகாரி டேப்பை மறுபடி விரித்தார். நீளம் பிடித்தார், உயரம் பிடித்தார், முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு நோட்டில் எழுதியதை, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

“செங்கல் அனைத்தும் குடும்பத்தின் வீட்டுக்கே பயன்பட்டுள்ளது. கூரைப் பணத்தை உடனே கொடுக்கலாம்.”

அண்ணன் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். தம்பிக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செங்கலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கி, உதடு கோணியது. மூன்று வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த சொல் ஒருவழியாக வெளியே வந்தது.

“அண்ணே...”

“அண்ணே நொண்ணேன்னு அப்புறம் கூப்பிடலாம், முதல்ல சுவத்து மேலேருந்து கையை எடுடா!” என்று பாய்ந்தார் அண்ணன். “உனக்குத் தெரியாம பழைய மண்ணு மாதிரியே பூசி முடிக்கறதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு!”