விட்டுப்போன நாற்பது பேர்

1988. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு விதைநெல் சங்கம். அங்கே புதிதாக வந்த கம்ப்யூட்டர், விதைநெல் வாங்குவோரின் முதல் பட்டியலிலேயே நாற்பது விவசாயிகளின் பெயரை விட்டுவிட்டது. வாசலில் ஒரே கூச்சல்.

"எம் பேரு இன்னாச்சு? யாரு பண்ண வேல இது? வெளிய வரச் சொல்லு!" என்று கத்தினார் பெயர் விட்டுப்போன விவசாயி சேட்டு.

பட்டியலை அடித்தவள் உண்ணாமலை. மூத்த எழுத்தர் தாமோதரன் அவளிடம் கிசுகிசுத்தார்.

"பின்பக்கமா வூட்டுக்குப் போயிடும்மா. பழிய உன் தலையிலதான் கட்டுவாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் சுகுமார் வந்தார்.

"உண்ணாமலை, என்கூட வாங்க."

அவளைக் கூட்டத்திடம் மாட்டிவிடப்போகிறார் என்று பயந்து, தாமோதரன் பின்னாலேயே ஓடினார்.

கூட்டத்தின் முன் சுகுமார் கைகூப்பினார்.

"ப்ரோக்ராம் எழுதினது நான். தப்பு என்னுது. பேரு விட்டுப்போகுதுன்னு இவங்க மூணு நாளைக்கு முன்னாடியே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

கூச்சல் சட்டென்று அடங்கியது. தன் இருபத்தெட்டு வருஷ சர்வீசில் எந்த அதிகாரியும் இப்படிப் பேசித் தாமோதரன் கேட்டதில்லை. பிரமித்துப்போய் நின்றார்.

சேட்டு உண்ணாமலையிடம் திரும்பினார்.

"அப்போ நீயே சொல்லும்மா. எம் பேரு எப்ப வரும்?"

அவள் சுகுமாரைப் பார்த்தாள். அவரும் விவசாயிகளோடு நின்று, அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.