இன்னும் கொஞ்சம் இறுக்கமாக

"உள்ளே போன துப்பாக்கி சட்டுனு வெளியே வரக் கூடாது பாய். அந்த மாதிரி இறுக்கிக் குடுங்க" என்றாள் ரமா. "அவருக்கும் தெரியக் கூடாது."

கரீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேற்குத் தாம்பரத்தில் கடை போட்டு, போலீஸ்காரர்களுக்குத் தோலில் துப்பாக்கி உறை செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. இவள் நீட்டுவது இன்ஸ்பெக்டர் தனசேகரின் உறை. இவளோ அவர் மனைவி.

"இன்னாம்மா சொல்றீங்க? இழுத்தா கையோட வரணும்னுதான் தோலை நனைச்சு, மர அச்சு மேல இழுத்துப் போட்டு, நெழல்ல காய வெச்சுத் தரேன்."

"வெயில்ல வச்சா சுருங்கிடும்னு நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க? அதையே செய்ங்க."

கரீம் உறையைத் திருப்பிப் பார்த்தார். போன ரம்ஜானுக்குத்தான் தைத்தது. அதற்குள் மூடியின் பட்டன் தேய்ந்து தொளதொளத்துக் கிடந்தது. ஆபீஸில் ஃபைல் பார்க்கிற வேலைக்கு மாற்றலான மனுஷருக்கு இது அதிகப்படியான தேய்மானம்தான்.

அதைவிட வேறொன்றுதான் அவர் மனதை உறுத்தியது. மகனுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்ததும் பைக் வாங்கிக் கொடுத்தவர் தனசேகர். ரமா வேண்டாம் வேண்டாம் என்று அழுதாளாம். அந்தப் பைக்கில் போய்த்தான் பையன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பெற்ற வயிறு எரியும்தான், அதற்காகக் கட்டிய புருஷனையேவா?

"எதிர்ல நாலு ரவுடி வந்து நின்னா சார் இன்னா பண்ணுவாரு?" கரீமின் குரல் உயர்ந்தது. "ஒரு நிமிஷம் லேட்டானா உயிரு பூடும். இந்தப் பாவத்துக்கு நான் ஆளில்ல. கெளம்புங்க."

ரமா கிளம்பவில்லை. பட்டறைப் பலகையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஒரு நிமிஷம்தான் பாய் எனக்கு வேணும்."

"இப்பவே சாருக்குப் போன் போட்டு சொல்லிடுறேன்" என்று கரீம் செல்போனை எடுத்தார்.

ரமா அவர் காலைப் பிடிக்கப் போனாள்.

"வீட்ல யாரும் பார்க்காதப்ப எடுத்துத் தன் நெத்தியில வச்சுக்கிறார் பாய். எடுக்க ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, நான் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்குவேன்."